மும்பையில் இரண்டரை நாள்: அக்கா பதில்கள்

தாராவியில் பிறந்து, கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் ஸ்டெனோவாக வேலை பார்த்து, இப்போது செம்பூரில் ஓய்வாக இருக்கும் நம் மும்பை அக்கா, விடுமுறைக்கு மும்பை கிளம்பும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: நான், மனைவி, 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள். டிசம்பர் கடைசியில் சனிக்கிழமை காலை வந்து திங்கள் சாயங்காலம் கிளம்புகிறோம். பார்க்க வேண்டிய 17 இடங்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். எந்த வரிசையில் பார்க்கலாம்?
– திருச்சி வாசகர்

பட்டியலைப் பார்த்தேன் தம்பி. முதலில் கேட்வே ஆஃப் இந்தியா, இரண்டாவது கன்ஹேரி குகை, மூன்றாவது மரீன் டிரைவ் என்று போட்டிருக்கிறீர்கள். கேட்வேயிலிருந்து கன்ஹேரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போய், உடனே திரும்பி வந்து ஸ்ரீரங்கம் போகிற மாதிரி இருக்கிறது இது. அதுவும் மும்பை டிராஃபிக்கில். பிள்ளைகள் பார்க்கப்போவது டாக்ஸியின் முன் சீட்டு முதுகை மட்டும்தான்.

கன்ஹேரி, ஜூஹு, ஃபிலிம் சிட்டி மூன்றையும் அடித்துவிடுங்கள். தெற்கு மும்பையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே இரண்டரை நாளுக்கு மேல் இருக்கிறது.

சனிக்கிழமை வந்து குளித்துச் சாப்பிட்டதும் வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷனுக்கு எதிரே போய் நில்லுங்கள். இப்போது பெயர் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ். எங்கள் வயதுக்காரர்கள் வாயில் வி.டி.தான் வரும். 1878-இல் கட்ட ஆரம்பித்துப் பத்து வருடம் கட்டினார்கள். யுனெஸ்கோ 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 31 வருடம் அதற்குள் ஓடி ஓடி ஏறி இறங்கியிருக்கிறேன், ஆனால் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தபோதுதான் சுவரில் கல் மயில்கள் இருப்பதே எனக்குத் தெரிந்தது. எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லுங்கள், சுவரில் எத்தனை மிருகம், எத்தனை பறவை என்று எண்ணட்டும். அரை மணி நேரம் உங்களுக்கு நிம்மதி.

அங்கிருந்து நடையாகவே ஃப்ளோரா ஃபவுண்டன், காலா கோடா, மியூசியம், கடைசியில் கேட்வே. மொத்தம் இரண்டரை கிலோமீட்டர்தான் வரும், ஆனால் நின்று நின்று போனால் மதியம் முழுக்க ஓடிவிடும். டிசம்பரிலும் பகலில் 30 டிகிரி இருக்கும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் ஓவல் மைதானத்துக்குள் ஒரு எட்டு எட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் ராஜாபாய் மணிக்கூண்டும் ஹைகோர்ட்டுமாக ஊசிக் கோபுரங்கள், எதிர்ப்பக்கம் 1930-களில் வந்த வளைவு பால்கனி வீடுகள், நடுவில் பையன்கள் பத்துப் பதினைந்து மேட்ச் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள். யார் அடித்த பந்தை யார் பிடிக்கிறான் என்று இதுவரை எனக்குப் புரிந்ததில்லை. உங்கள் பெரிய பையனுக்குப் புரியலாம்.

ஞாயிறு காலை எலிஃபெண்டா. திங்களன்று அதற்கு விடுமுறை, அதனால் ஞாயிறை விட்டால் கிடையாது. கேட்வேயிலிருந்து ஒன்பது மணிக்கு மேல் படகு புறப்படும், ஒரு மணி நேரப் பயணம். முதல் படகையே பிடியுங்கள். லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் ‘வேர்க்கிறது’ என்று மடியில் வைத்துக்கொள்ளாமல் போட்டுக்கொள்ளுங்கள். மேலே ஏற நூற்றுச் சொச்சம் படி. கையில் சிப்ஸ் பாக்கெட் இருந்தால் குரங்கு கேட்டு வாங்காது, தானே எடுத்துக்கொள்ளும். உள்ளே மூன்று முகச் சிவனை எல்லாரும் போட்டோ எடுப்பார்கள், அவ்வளவு பெரிய சிலை அது, ஆறு மீட்டருக்குக் கிட்ட உயரம். நீங்கள் இன்னொன்றையும் தேடுங்கள். ராவணன் கைலாச மலையைத் தூக்குகிற சிற்பம். தேவாரத்தில் பாட்டுக்குப் பாட்டு வருகிற கதை, இங்கே ஆறாம் நூற்றாண்டுக் கல்லில் இருக்கிறது. உடைந்துதான் இருக்கிறது, ஆனாலும் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல அது போதும். மதியத்துக்குள் திரும்பிவிட்டால் ஞாயிறு சாயங்காலம் மரீன் டிரைவ். அதைப் பற்றித் தூத்துக்குடிக்காரர் கேள்விக்குச் சொல்கிறேன்.

திங்கள் காலையை வீணாக்கிவிடாதீர்கள். அது வேலை நாள். ஒன்பதரைக்கு மறுபடி வி.டி. வாசலுக்குப் போங்கள். சனிக்கிழமை பார்த்த அதே கட்டடம், ஆனால் அது கூட்டத்தை வெளியே கொட்டும் பாருங்கள், அணை திறந்த மாதிரி இருக்கும். பதினொன்றரை வாக்கில் சர்ச்கேட் ஸ்டேஷன் வெளியே, வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டு போகிற டப்பாவாலாக்கள் வருவார்கள். நீள மரத்தட்டைத் தலையில் தூக்கி வந்து, நடைபாதையிலேயே டப்பாக்களைப் பரப்பி, மூடியில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் பார்த்துப் பிரித்து, சைக்கிளில் மாட்டிக்கொண்டு பறந்துவிடுவார்கள். 1890-இலிருந்து நடக்கிற வேலை. பத்து நிமிடம்கூட ஆகாது, காசும் கிடையாது. நடுவில் மட்டும் போய் நிற்காதீர்கள், திட்டு விழும்.

கேள்வி: எங்களுக்குக் கடல் புதிதில்லை. அப்படி உங்கள் கடலில் என்னதான் இருக்கிறது?
– தூத்துக்குடி வாசகர்

அண்ணாச்சி, உங்கள் கடலில் சூரியன் எழும். எங்கள் கடலில் விழும். இது ஒன்று.

டிசம்பர் முதல் வாரத்தில் ஆறு மணிக்கே விழுந்துவிடும், ஜூனில் ஏழேகால் ஆகும். மரீன் டிரைவில் ஐந்தரைக்கு இடம் பிடித்து, சாலைக்கு முதுகைக் காட்டிக் கட்டைச்சுவரில் உட்காருங்கள். சிங் என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார், வறுத்த வேர்க்கடலை. ஒரு பொட்டலம் வாங்குங்கள். அதற்கு இங்கே டைம்பாஸ் என்றே பெயர். பொட்டலம் தீருவதற்குள் சூரியன் போய்விடும், அப்புறம் எழுந்துவிடாதீர்கள். கால் மணி நேரத்தில் நரிமன் பாயிண்ட்டிலிருந்து சௌபாத்தி வரை மூன்றரை கிலோமீட்டர் வளைவுக்கும் விளக்கு எரியும். பாதிப் பேர் அதற்குள் கிளம்பிப் போயிருப்பார்கள். கீழே கிடக்கிற நாலுகால் கான்கிரீட் கட்டிகள் மேல் இறங்கி செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்க வேண்டாம். பாசி வழுக்கும், உள்ளே விழுந்தால் மேலே வர வழியில்லை.

இரண்டாவது, ஓதம். உங்கள் பக்கம் கடல் ஏறி இறங்குகிற உயரம் ஒரு மீட்டர் சுமார். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலு, ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் சேறு, அதில் நண்டு பிடிக்கிறார்கள். ஏறினால் பர்தி, இறங்கினால் ஓஹோட்டி என்று மராட்டியில் சொல்வார்கள். இந்த இரண்டு வார்த்தையும் தெரிந்துகொண்டு வாருங்கள், அன்றைய நேரம் பேப்பரிலும் வரும், செல்போனிலும் வரும்.

தெரியாமல் போய் நான் பட்டதைச் சொல்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும். ஊரிலிருந்து வந்த பெரியம்மாவை ஹாஜி அலி தர்காவுக்குக் கூட்டிப் போனேன். கடலுக்குள் இருக்கிற தர்கா, கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்கு ஒரு தாழ்ந்த பாதை. போகும்போது இரண்டு பக்கமும் வெறும் பாறைதான். உள்ளே கும்பிட்டு, பெரியம்மா பூ வைத்து, நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசி எழுந்து பார்த்தால் பாதையைக் காணோம். நிஜமாகவே காணோம். வந்த வழி முழுக்கத் தண்ணீர். பெரியம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திய தடம் சாயங்காலம் வரை இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே ‘பைட்டோ பேட்டி, உதரேகா’ என்றாள். உட்காரு மகளே, இறங்கும் என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். முதலில் பாதையின் ஓரக் கல் தெரிந்தது, அப்புறம் நடுவில் முதுகு மாதிரி ஒரு கோடு, அப்புறம் ஈரப் பாதை, அதில் துள்ளிக்கொண்டு ஒரு குட்டி மீன். ஊருக்குப் போன பெரியம்மா கேட்வேயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கடல் வழிவிட்ட கதையைத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது உங்களுக்காகவே. கொலாபாவில் சாசூன் டாக், 1875-இல் கட்டிய மீன் துறை. காலை ஐந்தரைக்குப் போங்கள். கோலி மீனவப் பெண்கள் ஏலம் விடுகிற சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது. போட்டோ எடுக்கக் கேமராவை நீட்டினால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். வஞ்சிரத்துக்கு இங்கே சுர்மை, வாவலுக்குப் பாப்லெட், அயிலைக்கு பாங்டா. பொம்பில் என்று கொழகொழவென்று ஒன்று இருக்கும், பார்க்க ஒன்றும் பிரமாதமாக இராது. ரவையில் புரட்டிப் பொரித்தால் தெரியும் சேதி.

குளிக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். எந்த பீச்சிலும் வேண்டாம். தண்ணீர் நம் ஊர்த் தண்ணீர் இல்லை.

கேள்வி: என் மகள் இன்டர்வியூவுக்காகத் தனியாக மும்பை வருகிறாள். லோக்கல் ட்ரெயினில் போக பயமாக இருக்கிறது. டாக்ஸியிலேயே போகச் சொல்லலாமா?
– கோவை வாசகி

காலை எட்டரைக்கு டாக்ஸியில் ஏறினால் இன்டர்வியூவுக்கு எப்போது போய்ச் சேருவாள் என்று டிரைவருக்கே தெரியாது. ட்ரெயின்தான் சரி. ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் போதும். காலையில் எட்டிலிருந்து பதினொன்று வரை கூட்டம் தெற்கே போகும், அதாவது சர்ச்கேட்டுக்கும் வி.டி.க்கும். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து எட்டரை வரை வடக்கே திரும்பும். எதிர்த்திசையில் போகிறவருக்கு உட்கார சீட்டே கிடைக்கும். இன்டர்வியூ எங்கே என்று பார்த்து, தங்குகிற இடத்தை அதற்கு எதிர்ப்புறமாகவோ பக்கத்திலேயோ பார்த்துப் போடுங்கள்.

பெண்கள் பெட்டியில் ஏறச் சொல்லுங்கள். இரவில் அதில் காவலுக்குப் போலீஸ்காரர் ஒருவர் வருவார். ஏறினதும் உட்கார்ந்திருக்கிறவரிடம் எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, அதுதான் சீட்டு ரிசர்வேஷன். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருவர் பாதி உட்காருவார், அதற்கும் முகம் சுளிக்கக் கூடாது. இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷனிலேயே எழுந்து, முன்னால் நிற்கிறவளிடம் ஸ்டேஷன் பெயரை மட்டும் கேள்வி மாதிரிச் சொன்னால் போதும். ‘தாதர்?’ என்றால் ‘ஹாங்’ என்பாள். அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனால் தானாக இறங்கிவிடலாம்.

தாதர் என்றதும் என் அத்தான் நினைவு வருகிறது. திருநெல்வேலியிலிருந்து வந்த இரண்டாம் நாள், காற்றுக்காகக் கதவோரம் நின்றிருக்கிறார். போக வேண்டியது வி.டி. தாதரில் இறங்கின கூட்டம் அவரையும் சேர்த்து இறக்கிவிட்டது. வலது கால் செருப்பு மட்டும் வி.டி. வரைக்கும் போனது. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தவர், ‘நான் இறங்கவே இல்லட்டி, என்னைய இறக்குனாங்க’ என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆகவே கதவோரம் வேண்டாம்.

ஃபாஸ்ட், ஸ்லோ பார்க்க வேண்டும். ஃபாஸ்ட் வண்டி பெரிய ஸ்டேஷனில்தான் நிற்கும், மாட்டுங்காவில் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை என்றால் மெகா பிளாக் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், தண்டவாள வேலைக்காகப் பகலில் சில வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஏர்போர்ட்டிலிருந்து நேரே தெற்கே வருவதாக இருந்தால் 2025-இல் முழுசாகத் திறந்த அண்டர்கிரவுண்ட் மெட்ரோ இருக்கிறது. ஏ.சி., கூட்டம் கம்மி, பெட்டியோடு வர வசதி. எனக்கு அதில் போரடிக்கிறது. ஆறேகால் வண்டியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு நாலு பேரோடு வம்பு பேசிவந்த கைக்கு மெட்ரோவில் வேலையே இல்லை.

கேள்வி: ஜூலையில் லீவு கிடைக்கிறது. வரலாமா?
– மதுரை வாசகர்

மழை பார்க்க என்றால் வாருங்கள். ஊர் பார்க்க என்றால் நவம்பருக்கு மேல் வாருங்கள். ஜூலையில் எலிஃபெண்டா படகு எந்த நாள் ஓடும், எந்த நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது, குடை இரண்டு நாளில் எலும்புக்கூடாகிவிடும். ரப்பர் செருப்பும் பிளாஸ்டிக் பையும் முக்கியம். தோல் ஷூ வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. கோயிலும் நம் சாப்பாடும் இல்லாமல் ஒருநாள் தாங்க மாட்டார். மும்பையில் சமாளிக்க முடியுமா?
– காரைக்குடி வாசகி

மாட்டுங்காவில் தங்குங்கள், கவலையே இல்லை. ஸ்டேஷனை விட்டு இறங்கினால் பூக்கடையில் கதம்பம், வாழைஇலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை. கடைக்காரர் தமிழிலேயே விலை சொல்வார், விலைதான் மும்பை விலை. கொச்சு குருவாயூர் கோயில், சங்கர மடம் எல்லாம் நடக்கிற தூரம். இலைபோட்டுச் சாப்பிட 1942-இல் ஆரம்பித்த ராம நாயக் உடுப்பி போர்டிங் ஸ்டேஷன் பக்கத்திலேயே மாடியில் இருக்கிறது. டிபனுக்கு 1940-லிருந்து இருக்கிற கஃபே மெட்ராஸ், காலை ஏழு மணிக்கே போனால் வரிசை இருக்காது. பெயர்தான் மெட்ராஸ், கை உடுப்பிக் கை, சாம்பார் கொஞ்சம் இனிக்கும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ‘இதென்ன பாயசமா’ என்று சத்தமாகக் கேட்டுவிடப் போகிறார். இந்தப் பழைய கடைகளில் சிலவற்றுக்குத் திங்கள் விடுமுறை.

எங்கள் செம்பூர் சேடா நகரில் முருகன் இருக்கிறார், 108 படி. மூட்டு வலி என்று சொல்கிற அம்மாக்கள்தான் நமக்கு முன்னால் ஏறிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

ஒரு மத்தியானம் வாலுகேஸ்வரம் கூட்டிப் போங்கள். மலபார் ஹில் பணக்கார அடுக்குமாடிகளுக்கு நடுவே படி இறங்கினால் பாணகங்கா குளம். எட்டிவிடும் தூரத்தில் உப்புக்கடல், குளத்தில் நல்ல தண்ணீர் ஊற்று. சீதையைத் தேடி வந்த ராமர் இங்கே மணலில் லிங்கம் பிடித்து வணங்கினார், தாகத்துக்கு அம்பு விட்டுத் தண்ணீர் எடுத்தார் என்பது ஐதீகம். வாலுகம் என்றால் மணல். நம் ராமேஸ்வரத்துக் கதையின் இன்னொரு கிளை மாதிரி இருக்கிறதல்லவா? அம்மா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது கஷ்டம். எழுப்ப வேண்டாம். வாத்து நீந்தும், யாராவது திதி கொடுப்பார்கள், சின்னப் பையன்கள் குதிப்பார்கள்.

கேள்வி: ‘தாராவி டூர்’ என்று கூட்டிப் போகிறார்களாமே, போகலாமா? பாதுகாப்பா?
– சேலம் வாசகர்

நான் பிறந்த ஊரைப் பாதுகாப்பா என்று கேட்கிறீர்கள். பரவாயில்லை, எல்லாரும் கேட்பதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் வளர்த்த குடியிருப்பு அது. என் தாத்தாவும் தோல் கிடங்குக்குத்தான் வந்தார். மண்பானை செய்ய சௌராஷ்டிரத்துக் குயவர்கள் வந்தார்கள், இன்றைக்கும் கும்பார்வாடாவில் சூளை புகைகிறது. விடியற்காலை நாலு மணிக்கு வீட்டுக்கு வீடு இட்லி அவிப்பார்கள், ஆறு மணிக்கு சைக்கிளில் அண்டா கட்டிக்கொண்டு பாம் பாம் என்று ஹாரன் அடித்தபடி ஊர் முழுக்கக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் நரிமன் பாயிண்ட் நடைபாதையில் சாப்பிடும் இட்லி தாராவியில் வெந்ததாக இருக்கலாம்.

அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுக்க மட்டும் டூர் என்றால் வேண்டாம். தோல் பை, பெல்ட் வாங்க வேண்டியிருந்தால் மெயின் ரோட்டுக் கடைகளுக்குப் போங்கள், தமிழில் பேரம் பேசுங்கள், டீ குடியுங்கள். பொங்கலுக்கு வந்தால் தொண்ணூறு அடி ரோட்டில் தெருவை அடைத்து வரிசையாகப் பானை வைப்பதைப் பார்க்கலாம். இடித்துக் கட்டும் மறுசீரமைப்பு என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து முடிக்கிறார்கள். நான் பிறந்த தெருவை என் பேத்திக்குப் போன தீபாவளிக்கே காட்டிவிட்டேன்.

கேள்வி: சினிமா நட்சத்திரங்கள் வீட்டைப் பார்க்க முடியுமா?
– வேலூர் வாசகி

கேட்டைப் பார்க்கலாம். நல்ல கேட்தான்.

கேள்வி: முதல் முறை ரயிலில் வருகிறோம். எங்கே இறங்குவது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– நாகர்கோவில் வாசகர்

டிக்கெட்டைப் பாருங்கள். வி.டி. வரை போகிற வண்டி ஒன்று, தாதரோடு நிற்பது ஒன்று, எல்.டி.டி. (லோக்மான்ய திலக் டெர்மினஸ்) என்று குர்லா பக்கத்தில் நிற்பது ஒன்று. எல்.டி.டி.யில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் திலக் நகர் ஸ்டேஷன், ஹார்பர் லைன் லோக்கல் ட்ரெயின். ஆட்டோவும் கிடைக்கும், ஆனால் ஆட்டோ சயான், மாஹிமுக்குத் தெற்கே வராது. அங்கிருந்து கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான், மீட்டர் போடச் சொல்லுங்கள். மாட்டுங்கா, செம்பூர், சயான் பக்கம் தங்குகிறவர்கள் வி.டி. வரை போக வேண்டியதில்லை, வண்டி தாதரில் நின்றால் அங்கேயே இறங்கிவிடலாம்.

அப்புறம், கல்யாண் ஸ்டேஷன் வந்ததும் ஒருவர் ‘பம்பாய் வந்துட்டு, எந்திரிங்க’ என்று கத்தி, மேலே இருக்கிற பெட்டியெல்லாம் இறக்கிவிடுவார். ஒவ்வொரு வண்டியிலும் அப்படி ஒருவர் உண்டு. அவர் பேச்சைக் கேட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். இன்னும் 50 கிலோமீட்டர் இருக்கிறது, உட்கார்ந்து காப்பி குடியுங்கள்.